கொழுந்தன்

பெண் பார்க்க வந்தவர்கள்
எல்லாம் பேசி எழும்புகிற நேரம்
மாமியார் சொன்னாள்:
"இன்னொண்ணு. சின்னவன் இருக்கான்.
நாங்க போன பொறகும் இருப்பான்."
அவ்வளவுதான்.
தோட்டுக்கு இதைவிட அதிக நேரம் பேசினார்கள்.
வாசலில் என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு
பன்னீர் நின்றான்.
யாரும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.
அவன் "அண்ணி" என்றான்.

முன்கதை எல்லாம் பிறகு கேட்டது.
கிளங்கன் ஆஸ்பத்திரியில் டாக்டர்
சிங்களத்தில் நீளமாகச் சொன்னாராம்.
பக்கத்தில் நின்ற அட்டெண்டன் தமிழில் சொன்னது ஒரே வரி:
"புள்ள மெதுவாத்தான் வளரும்."
"வளரட்டும், யாருக்கு அவசரம்" என்று
கம்பளியில் சுற்றிக்கொண்டு
பஸ் ஏறிவிட்டாள் மாமியார்.
கிளினிக் காட்டில் இருந்த எழுத்தை
ஏழு வருஷம் கழித்து ஸ்கூல் டீச்சர் வாசித்தார்:
டவுன் சின்ட்ரோம்.
"டவுன்ல வர்ற நோயா டீச்சர்?
நாங்க மலையிலல்ல இருக்கோம்"
என்று கேட்டாராம் மாமனார்.

நெஞ்சில் ஓட்டை என்று கண்டிக்குக் கொண்டுபோனதில்
இரண்டு வருஷத் தீபாவளி அட்வான்ஸ் கரைந்தது.
தழும்பை இப்போதும் சட்டை தூக்கிக் காட்டுவான்,
விளையாட்டுப் போட்டியில் வாங்கின மெடல் மாதிரி.

இரண்டாம் வகுப்பில் நாலு வருஷம் இருந்தான்.
அதனால் தோட்டத்தில் பாதிப் பேர்
அவனோடு படித்தவர்கள்.
பதினெட்டு வயதில் செக்ரோலில் பேர் பதியவில்லை.
துரை சிரித்தாராம்.
இவன் பாட்டுக்குத் தினமும் நாலு மணிக்கு
கொழுந்து மடுவத்துக்குப் போய்
தராசுக்குப் பக்கத்தில் நின்று
வருகிறவள் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவான்.
கணக்கப்பிள்ளைக்கு எரிச்சல்.
ஒரு கிழமை இவன் காய்ச்சலில் படுத்தபோது
மேட்டு லயத்துப் பூவாயி கிலோவும்
பள்ளத்து லயத்துப் பூவாயி கிலோவும்
மாறிப்போய், மடுவத்தில் ஒரே சண்டை.
தலைவர் போய்ப் பேசி
அரைப்பேர் வாங்கிக் கொடுத்தார்.
அந்த முதல் சம்பளத்தில்
தனக்குத் தொப்பி ஒன்று வாங்கினான்,
வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

பொய் சொல்ல மாட்டேன்.
ஒரே காம்பரா, ஒரு சேலைத் தடுப்பு,
அந்தப் பக்கம் அவன் குறட்டை.
முதல் வருஷம் ஒரு நாள், மழையில்,
உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.
வெளியே நின்று கேட்டான்:
"அண்ணி, தட்டட்டா?"

மாமியார் கடைசியாக என்னிடம் சொன்னது
காசைப் பற்றியும் இல்லை, சாமியைப் பற்றியும் இல்லை.
"நகம் வெட்டுறப்ப இடது கை முதல்ல.
வலது கையத் தொட்டா ஓடிருவான்."
கண்ணை மூடிக்கொண்டாள்.
ஓடத்தான் செய்கிறான்,
இடது கையைத் தொட்டாலும்.

இப்போது நாற்பத்தொன்று.
தலை முழுக்க நரை.
போன மாதம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
பொத்தான்களைப் பார்த்தபடியே இருந்தான்.
நுவரெலியா கிளினிக்கில் இளம் டாக்டர் பெண்,
தமிழ்ப் பிள்ளை, என் கையைப் பிடித்துச் சொன்னாள்:
"இவங்களுக்கு மறதி முந்தி வரும் அக்கா."
மெதுவாக வளர்ந்தவன்
மூப்புக்கு மட்டும் ஏன் அவசரப்படுகிறான்?
பஸ் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.
அவன் என் தோளில் தூங்கினான்,
தொப்பி நழுவ நழுவ.

நேற்று மடுவத்தில், வரிசை என்னிடம் வந்தபோது
கூப்பிட்டான்: "அங்கம்மா!"
மாமியார் பேர்.
அவள் போய் இரண்டு வருஷம்.
கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.
பின்னால் நின்ற பூவாயி இருமினாள்.
நான் சாக்கைக் கொக்கியில் மாட்டி
"இருக்கேன்" என்றேன்.
பதினாறு கிலோ.
என் பேரில்தான் எழுதினார்.

பன்னீர் என் முகத்தை
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"நீ அண்ணி" என்றான்.
ஆமாம் என்றேன்.
"அப்ப போ, வரிசை நிக்குது" என்று
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
அடுத்த பேரைக் கூப்பிட்டான்.